எல்லாப் பட்டையும் பச்சை

இங்கன உக்காருங்க அண்ணாச்சி. ஜன்னல் சீட்டை மட்டும் கேக்காதீங்க, அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். சாக்கை என் காலுக்குக் கீழ தள்ளிக்கிடுங்க. ஈரமா இருந்தா இருக்கட்டும், செருப்புதான, காஞ்சிரும். உள்ள என்ன, வாழைக்கன்னா? எத்தனை இருக்கும்? இருபதா. இருபது கன்னைத் தூக்கிட்டு ஏறினியளே, கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா? அவரு எனக்குப் பழக்கம்தான். அஞ்சு வாரமா புதன்கிழமைதோறும் இந்தப் பன்னெண்டு மணி பஸ்ல வாறேன்லா. என்னைக் கண்டதும் கேக்காமலே கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டைக் கிழிச்சிருவாரு.

கடைசி ஸ்டாப்புல எனக்கு ஒரு சோலி. சொந்தக்காரங்க இருக்காவ. அதை விடுங்க. நீங்க எங்க இறங்குதிய?

சேந்தன்துறையா.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன். தண்ணி குடிக்கியளா? நான் ஒரு வாய் குடிச்சுக்கிடுதேன்.

என் பேரு ஆறுமுகநயினார். டவுனுக்கு வெளிய ஒரு ஆராய்ச்சி மையத்துல வேலை. மையத்துப் பேரு வேண்டாம். சொன்னா நாளைக்கு அது ஒரு பேச்சாயிரும். ஆத்துல தண்ணி வரப்போவுதுன்னு போனுக்கு மெசேஜ் வருதுல்லா, அதை அனுப்புறது நாங்கதான். அணைக்காரங்க தண்ணியைத் திறந்து விடுவாங்க, அது அவுக வேலை. அந்தத் தண்ணி எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும், எந்தத் தரைப்பாலம் எத்தனை அடி முங்கும், அந்தக் கணக்கைப் போடறது எங்க கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைப் பாத்துக்கிடறது நான். இருபத்திரெண்டு வருஷம். ஒரு நாள் லீவு போட்டதில்ல. இந்த அஞ்சு புதன்கிழமை அரை நாள் போட்டதுதான் முத லீவு.

ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? பழி சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளையைக்கூட நான் குத்தம் சொல்லல. பெனினான்னு பேரு. என் கீழ வேலை பாத்தா. இருபத்தொம்பது வயசு, நல்ல படிப்பு. ஆனா அவ செஞ்சது இருக்குல்லா, அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். ஒண்ணே முக்கால் ஆகும் உங்க ஊர் வர. கேளுங்க.

கம்ப்யூட்டர்னா நீங்க நினைக்க மாதிரி ஒண்ணு இல்ல. பதினாறு பெட்டி, வரிசையா இருக்கும், நோடுன்னு சொல்லுவோம். கல்யாண வீட்டு ஆக்குப்புரை பாத்திருப்பியள்லா? அந்த மாதிரி பதினாறு ஆக்குப்புரைன்னு வச்சுக்கிடுங்க. ஒவ்வொரு புரையிலயும் அந்தக் கோடியில ஒரு அடுப்பு வரிசை, இந்தக் கோடியில ஒரு அடுப்பு வரிசை. ரெண்டுக்கும் பக்கத்துல தனித்தனியா ஒரு சரக்கறை. அடுப்புதான் ப்ராசசர், சரக்கறைதான் மெமரி. வேலைங்கிறது தவசிப்பிள்ளை, சமையக்காரன். அவன் எந்த அடுப்புலயும் நின்னு சமைக்கலாம், எந்த அறையில இருந்தும் சரக்கு எடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டாவ. ஆனா பக்கத்து அறைன்னா கை நீட்டினா போதும். அந்தக் கோடி அறைன்னா நடக்கணும். அவ்வளவுதான் சங்கதி.

சரக்கு, அதான் கணக்குக்கு வேண்டிய விவரம், எந்த அறையில இறங்கும்? எந்தத் தவசிப்பிள்ளை முதல்ல அதுல கை வைக்கானோ, அவனுக்குப் பக்கத்து அறையில இறங்கும். ஒருக்க இறங்கிட்டா அங்கனதான் கிடக்கும். அது அந்தப் பெட்டியோட வழக்கம்.

இப்ப என் வேலை என்னன்னா, யார் எந்த அடுப்புல நிக்கணும்னு பிரிச்சு விடறது. மையத்துல நாப்பது பேரு இருக்காவ. ஒருத்தர் மழைக் கணக்கு, ஒருத்தர் கடல் கணக்கு, ஒருத்தர் சும்மா பட்டம் வாங்க ஏதோ ஒரு கணக்கு. எல்லாருக்கும் அடுப்பு வேணும். நான் ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். தராசுன்னு பேரு வச்சேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க அது பதினாறு புரையையும் ஒரு சுத்து பாக்கும். எந்த அடுப்பாவது சும்மா கிடந்தா, நெருக்கடியா இருக்கிற இடத்துல இருந்து ஒரு தவசிப்பிள்ளையைக் கிளப்பி அங்க அனுப்பிரும். சும்மா கிடக்கக் கூடாதுலா? அரசாங்கப் பணத்துல வாங்கின அடுப்பு.

எனக்குச் சும்மா இருக்கிற எதையும் பாத்தா ஆகாது. வீட்டுலயும் அப்படித்தான். என் வீட்டுக்காரி மத்தியானம் கொஞ்சம் காலை நீட்டி உக்காந்தான்னா, அந்த உளுந்தைப் புடைச்சு வச்சா என்னன்னு கேப்பேன். அவ இப்பல்லாம் நான் வந்தாலே எந்திரிச்சு நின்னுக்கிடுதா. சுறுசுறுப்பு வந்திருச்சு.

டைரக்டர் ரூம்ல சுவர்ல ஒரு பெரிய டி.வி. அதுல ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு பட்டை. வேலை நடந்தா பச்சை, சும்மா இருந்தா வெள்ளை. அதுவும் நான் செஞ்சதுதான். ஆயிரத்து இருவத்தி நாலு பட்டை. யார் வந்தாலும் டைரக்டர் அதைத்தான் காட்டுவாரு. "பாருங்க, ஒரு பட்டைகூட வெள்ளை இல்ல, எல்லாம் நம்ம நயினார் கைவண்ணம்"னு தோள்ல தட்டுவாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன். பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்லுதேன்.

பெனினா வந்த மூணாம் மாசம் என் சீட்டுக்கு வந்து நின்னா. "சார், பட்டை எல்லாம் பச்சையா இருக்கு. ஆனா வேலை நடக்கலை"ன்னா.

"பச்சையா இருந்தா நடக்குதுன்னுதாம்மா அர்த்தம்"னேன்.

"இல்ல சார், தவசிப்பிள்ளை சரக்கறை வாசல்ல கூட்டத்துல காத்துக்கிட்டு நின்னாலும் அது பச்சைதான் காட்டும். நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க ஆளை இடம் மாத்துதிய. ஆள் மாறிருதான். சரக்கு பழைய அறையிலயே இருக்கு. அவன் பாவம், நடந்தே சாகுதான்"னா. தவசிப்பிள்ளைங்கிறது நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்த உதாரணம் அண்ணாச்சி. அதை வச்சே எனக்குப் பாடம் எடுத்தா. "சரக்கை இழுக்காதீங்க சார். சரக்கு எங்க இருக்கோ, ஆளை அங்க நிறுத்துங்க. நிறுத்திட்டு அசைக்காதீங்க. மீதி அடுப்பு சும்மா கிடந்தாக் கிடக்கட்டும். அப்பதான் சீக்கிரம் முடியும்."

கேட்டியளா? பாதி அடுப்பைச் சும்மா போட்டா சீக்கிரம் சமையல் ஆகுமாம். நான் சிரிச்சேன். மறுத்துப் பேசல. சிரிச்சேன், அவ்வளவுதான்.

அதுக்குப் பெறகு டிசம்பர். உங்களுக்குத்தான் தெரியுமே, எப்பேர்ப்பட்ட மழைன்னு. அந்த ஒம்பதாம் தேதி... நீங்க ஜன்னல் பக்கம் பாக்கிய. பாருங்க, பாருங்க. இந்த வளைவுல இருந்து ஆறு தெரியும். இப்ப கணுக்கால் தண்ணிகூட இல்ல.

ஒம்பதாம் தேதி காலையில டெல்லியில இருந்து மூணு பேரு வந்திருந்தாவ. நம்ம மையத்துக்கு இன்னும் பதினாறு பெட்டி குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்க. இருக்கிறதையே முழுசா ஓட்டாதவனுக்கு யார் புதுசு குடுப்பா? டைரக்டர் முந்தின நாளே சொல்லிட்டாரு, "நயினார், நாளைக்கு ஒரு பட்டை வெள்ளையாத் தெரியக் கூடாது"ன்னு. நான் என்ன செஞ்சேன், சின்னச் சின்ன வேலையெல்லாம் எடுத்து எல்லா இடுக்குலயும் சொருகினேன். பழைய கணக்கு, முடிஞ்ச கணக்கு, எது கிடைச்சாலும். காலையில ஒம்பதரைக்கு ஆயிரத்து இருவத்தி நாலும் பச்சை. பாக்க அப்படி ஒரு அழகு, வயல் மாதிரி.

பத்து மணிக்கு அணையில இருந்து விவரம் வந்துச்சு. பதினொண்ணரைக்கு ஷட்டர் திறக்கப் போறாவ, இவ்வளவு தண்ணி. பத்து அஞ்சுக்கு பெனினா எனக்கு மெயில் போட்டா. "வெள்ளக் கணக்கு இன்னைக்கு ரொம்பப் பெருசு. எட்டு பெட்டியைக் காலி பண்ணிக் குடுங்க. தராசை நிறுத்துங்க. ஆளைச் சரக்கு பக்கத்துல கட்டிப் போட்டு ஓட்டுதேன். நாப்பது நிமிஷத்துல முடிச்சிருவேன்." நான் ஒரு வரி பதில் போட்டேன். "விருந்தினர் போன பிறகு பார்ப்போம்." தப்பா அண்ணாச்சி? இல்லைன்னு சொல்லலையே நான். பெறகு பாப்போம்னுதான சொன்னேன். கணக்கையும் நிறுத்தலையே. பத்து பத்துக்கு அது ஓட ஆரம்பிச்சிருச்சு, மத்த எல்லா வேலையோடயும் சேந்து. சமமா.

தினமும் அது பத்தே முக்காலுக்கு, பத்து அம்பதுக்கு முடிஞ்சிரும். தண்ணி வரப்போற ஊருக்கு மட்டும் பதினோரு மணிக்கு மெசேஜ் போயிரும். அன்னைக்கு பதினோரு மணிக்குப் பாத்தா முப்பது சதவீதம்கூட ஆகல. பதினொண்ணே காலுக்கு அவ டைரக்டர் ரூம் வாசல்ல வந்து நின்னா. உள்ள டெல்லிக்காரங்க டி.வி.யைப் பாத்துக்கிட்டு நிக்காவ. நான் கையைக் காட்டினேன், பொறுன்னு. பன்னெண்டு பத்துக்கு மறுபடியும் வந்தா. "சார், ஷட்டர் திறந்து நாப்பது நிமிஷம் ஆச்சு"ன்னா. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டா. டைரக்டர் திரும்பிப் பாத்தாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. "ஒரு மணி ஆகட்டும்மா"ன்னு வெளிய தள்ளிட்டுப் போய்ச் சொன்னேன். தள்ளிட்டுன்னா, தொடல. கதவைச் சாத்தினேன்.

பன்னெண்டரைக்கு அவுக சாப்பிடப் போனாவ. நானும் கூடப் போனேன். போகலைன்னா மரியாதையா இருக்குமா? அந்த நேரம் பாத்து அவ என்ன செஞ்சா தெரியுமா? பன்னெண்டு நாப்பதுக்கு, என் அனுமதி இல்லாம, தராசை நிறுத்திட்டா. எட்டு பெட்டியில இருந்த எல்லா வேலையையும் தூக்கி வெளிய போட்டுட்டா. வெள்ளக் கணக்கையும் நிறுத்தி, முதல்ல இருந்து ஆரம்பிச்சிருக்கா. எழுபது சதவீதம் ஆன கணக்கை அண்ணாச்சி. அடுப்புல முக்காப் பதம் வெந்ததைக் கீழ கொட்டிட்டு மறுபடி உலை வைப்பாளா ஒருத்தி? ஒண்ணு இருபதுக்கு முடிஞ்சிருச்சு. மெசேஜ் போச்சு. நான் சாப்பிட்டு வந்து பாக்கேன், டி.வி.யில பாதி வெள்ளை. எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு.

என்ன விரல் விட்டு எண்ணுதிய?

ஆமா. நாப்பது நிமிஷம்தான் ஆச்சு. பன்னெண்டு நாப்பதுல இருந்து ஒண்ணு இருபது, நாப்பது நிமிஷம். பத்து பத்துல இருந்து எண்ணினா... அதை விடுங்க. அப்படி எண்ணினா எதையும் எண்ணலாம். அன்னைக்கு நிலைமை வேற.

தண்ணி உங்க தரைப்பாலத்துக்கு பன்னெண்டு அம்பதுக்கு வந்திருச்சு. எனக்குத் தெரியும். நான் அதையெல்லாம் மறைக்கல. வெயிலுமுத்துன்னு ஒருத்தரு, பால் சொசைட்டிக்காரரு. தினமும் அந்த நேரத்துக்கு ரெண்டு கேனை வண்டியில கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போவாராம். அன்னைக்கும் போயிருக்காரு. பாதிப் பாலத்துல தண்ணி அடிச்சிருச்சு. மூணாம் நாள் கண்டெடுத்தாவ. பேப்பர்ல வந்துச்சு. பேப்பர்ல அவரு போட்டோ ரொம்பச் சின்னதாப் போட்டிருந்தான்.

உங்களுக்குத் தெரிஞ்சவரா? ஒரே ஊருன்னா தெரியாம இருக்குமா. சரி.

அப்புறம் விசாரணை. மையத்துக்குள்ளதான், டைரக்டர் ரூம்ல நாலு பேரு உக்காந்து கேட்டாவ. எத்தனை மணிக்கு எச்சரிக்கை போச்சுன்னு ஒரு படிவம் இருக்கு. அதுல ஒரு கட்டம், "வெளியீட்டு நேரம்"னு. தினமும் காலையில வந்ததும் முத வேலையா அதை நான் நிரப்பி வச்சிருவேன். பதினோரு மணின்னு. ரெண்டு வருஷமா பதினோரு மணிக்குத்தான போகுது, அதுக்கு எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்? ஒம்பதாம் தேதியும் ஒம்பதேகாலுக்கே நிரப்பி, கையெழுத்தும் போட்டு வச்சுட்டேன். அதைத்தான் அவுக எடுத்துப் பாத்தாவ. பதினோரு மணி. நான் பொய் எழுதல அண்ணாச்சி. எழுதும்போது அது பொய் இல்ல.

பெனினாவையும் கேட்டாவ. "நீங்க ஏதாவது சொல்லணுமா"ன்னு. அவ என்னைப் பாத்தா. நீங்க நினைக்க மாதிரி முறைக்கல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா, நான் ஏதோ சொல்லப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்க மாதிரி. நான் டி.வி.யைப் பாத்தேன். எல்லாம் பச்சை. "எனக்குச் சொல்ல எதுவும் இல்ல"ன்னுட்டா. பதினஞ்சு நாள்ல வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா.

இதுதான் என் குறை. இதைத்தான் நான் யார்ட்டயும் சொல்ல முடியல. சொல்லியிருக்கணும்லா அவ? "நான் கேட்டேன், இந்த ஆளு தரல"ன்னு நாலு பேர் முன்னால சொல்லியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். டைரக்டர் சொன்னதைச் சொல்லியிருப்பேன், டெல்லிக்காரங்களைச் சொல்லியிருப்பேன். திட்டியிருப்பாவ. ஒரு மெமோ குடுத்திருப்பாவ. வேற எடத்துக்குத் தூக்கிப் போட்டிருப்பாவ. அதோட முடிஞ்சிருக்கும். இப்ப என்ன ஆச்சு? ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. புதுசா பதினாறு பெட்டி வருது. டைரக்டர் தோள்ல தட்டுதாரு. வீட்டுல சோறு இறங்கல. என் வீட்டுக்காரி கேக்கா, "உங்களுக்கு என்ன செய்யுது"ன்னு. ஒண்ணும் செய்யலைங்கேன்.

போகும்போது என் மேசையில ஒரு கவர் வச்சுட்டுப் போனா. மேல எழுதியிருந்தா, "சார், இது உங்ககிட்ட இருக்கட்டும்." உள்ள என்னன்னா, அவ போட்ட மெயில், என் ஒரு வரி பதில், பெட்டி தானா எழுதி வைக்கிற பதிவு. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எத்தனை மணிக்கு முடிஞ்சுது, மெசேஜ் எத்தனை மணிக்குப் போச்சு. ஒண்ணு இருபது. எல்லாம் அச்சுல. எனக்கு எதுக்கு அது? என் கையில எதுக்கு குடுக்கணும்? கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன். கிழிக்கல.

ஆமா. இந்த மஞ்சப்பையிலதான் இருக்கு. அஞ்சு வாரமா இதுக்குள்ளதான் இருக்கு.

உண்மையைச் சொல்லட்டுமா? கடைசி ஸ்டாப்புல எனக்குச் சொந்தம் யாரும் இல்ல. அங்க ஒரு டீக்கடை இருக்கு. ஒரு டீ குடிச்சுட்டு, இதே பஸ்ல ஏறித் திரும்பி வந்துருவேன். உங்க ஊர் ஸ்டாப்புல ரெண்டு தடவை நிக்கும்லா, போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு. ஜன்னல் வழியாப் பாப்பேன். பால் சொசைட்டி போர்டு தெரியும். அதுக்கு எதுத்தாப்ல நீலக் கதவு வீடு. அதுதான அவரு வீடு? நினைச்சேன். ஒருநா ஒரு பொம்பளை வாசல்ல கேனைக் கவுத்திக் காய வச்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு சம்சாரம்தான? உலகம்மாள்தான அது பேரு? பேப்பர்ல போட்டிருந்தான்.

என்ன சொன்னிய? நீங்க அன்னைக்கு அங்கன இருந்தியளா?

வாழை வயல்ல. சரி. பாலத்துக்குப் பக்கத்துலயா. பாத்தியளா அவரை?

நின்னாரா? எங்க நின்னாரு? இக்கரையிலயா. வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டா. எத்தனை நேரம்? கால் மணி நேரமா. கால் மணி நேரமா நின்னாரு? ஏன் நின்னாரு?

போனைப் பாத்துக்கிட்டா நின்னாரு.

திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்தாரா.

நீங்க வயல்ல இருந்து கேட்டியளா, "என்ன வெயிலுமுத்து, நின்னுட்டே"ன்னு. அவரு என்ன சொன்னாரு? சொல்லுங்க அண்ணாச்சி. இல்ல, சொல்லுங்க. அஞ்சு வாரமா வாறேன், இதைக்கூடக் கேக்கலைன்னா எப்படி.

"மெசேஜ் வருதான்னு பாக்கேன். வரலை. வரலைன்னா தண்ணி இல்ல"ன்னா சொன்னாரு.

முன்னெல்லாம் பாலத்துல சங்கிலி போட்டு ஒரு ஆள் நிப்பான், மெசேஜ் வர ஆரம்பிச்ச பெறகு அவனை எடுத்துட்டாவன்னு சொல்லுதிய. தெரியும். அவனை எடுக்கச் சொன்ன கடுதாசியை நான்தான் டைப் அடிச்சேன். "கணினி முன்கணிப்பு துல்லியமாக உள்ளதால்"னு ஒரு வரி வரும்.

கொஞ்சம் இருங்க. ஜன்னலைத் திறந்துக்கிடுதேன். காத்து வரட்டும். ஒண்ணுமில்ல.

இதை நீங்க தாசில்தார்ட்ட சொல்லியிருக்கலாமே? சொன்னியளா. எழுதிக்கிடலையா. ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணு இருபதுக்குத்தான் வந்துச்சுன்னு சொன்னியளா? டவர் கோளாறுன்னுட்டாவளா. மையத்துல இருந்து பதினோரு மணிக்கே போயிருக்குன்னு பேப்பர் இருக்கு, அவரு போன் ஆத்தோட போச்சு, அவருக்கு நேரத்துக்கு வந்திருக்கும், பாத்துட்டும் மதிக்காமப் போயிருக்காருன்னு சொல்லிட்டாவளா. அந்தப் பேப்பர் எது தெரியும்லா உங்களுக்கு? ஒம்பதேகாலுக்கு எழுதினது. என் கையெழுத்து.

ஆமா, தெரியும். இன்னைக்கு ரெண்டு மணிக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்குத் தாசில்தார் வாறாரு. "என் கணவர் எச்சரிக்கையை மீறிப் பாலத்தைக் கடந்தார்"னு அந்த அம்மாட்ட கையெழுத்து வாங்கி ஃபைலை மூடப் போறாவ. எங்க ஆபீசுக்கும் ஒரு நகல் வந்துச்சு, நான்தான் வாங்கி வச்சேன். ரெண்டு தடவை அந்த அம்மா போட மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாவளா? என்ன சொல்லி? "அவரு சொல் பேச்சு கேக்காத மனுசன் இல்ல"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலையா. அதையே சொல்லிக்கிட்டு இருக்காவளா.

ஊரே அந்த அம்மாவைப் பாத்து, புருசன் திமிருல போய்ச் செத்தான்னு பேசுதா. நீங்க மட்டும்தான் பாத்த ஆளு. நீங்க சொன்னதையும் எழுதலை. இன்னைக்குப் போட்டுருவாவளா கையெழுத்து? சலிச்சுப் போச்சாமா. போட்டுருவேன்னு சொல்லுதாவளா.

மணி என்ன? ஒண்ணு நாப்பது. இந்தா, கோயில் வளைவு தாண்டியாச்சு. உங்க ஊர் வந்திருச்சு.

இல்ல அண்ணாச்சி. நான் இப்ப இறங்கல. இப்படிக் கேளுங்க. இப்ப அங்க தாசில்தார் இருப்பாரு, பிரசிடென்ட் இருப்பாரு, கூட்டமா இருக்கும். அவுக முன்னால நான் போய் நின்னா அந்த அம்மாவுக்குத்தான் சங்கடம். திரும்பி வரும்போது மூணே முக்காலுக்கு இதே பஸ் இங்க நிக்கும். எல்லாரும் போயிருப்பாவ. அப்ப நிதானமா இறங்கி, வீட்டுக்கே போய், உக்காந்து எல்லாத்தையும் சொல்லிருதேன். சத்தியமா. அவுக போன பெறகு பாப்போம். அதுதான் மரியாதை.

என்ன, அதுக்குள்ள சாக்கை இழுக்கிய?

சரி, எந்திரிங்க. சாக்கை நான் ஒரு பக்கம் பிடிக்கேன். கனமாத்தான் இருக்கு. பாத்து, படி ஈரம். கண்டக்டரே, கொஞ்சம் பொறுங்க, பெரியவரு இறங்குதாரு. வச்சாச்சா? நல்லது அண்ணாச்சி. போயிட்டு வாங்க. நான் சொன்னதை மனசுல வச்சுக்கிடாதீங்க.

அண்ணாச்சி.

அண்ணாச்சி, அந்த மஞ்சப்பை என்னோடது. சாக்கு மட்டும்தான் உங்களது. கையில பாருங்க. பை, பை. அது என்னோடது. கேக்குதா? இங்க திரும்புங்க. எங்க போறிய? வயல் அந்தப் பக்கம்லா இருக்கு. அந்தப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசு.

சாக்கை ரோட்டுலயே போட்டுட்டுப் போறாரே.

கண்டக்டரே, விசில் அடிக்காதீங்க. ஆமா, தெரியும், கடைசி ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட். இருக்கட்டும். கொஞ்சம் வழி விடுங்கம்மா. ஒரு ஆள் இறங்கணும்.